கல்லடி பட்டாலும்...

'கல்லடி பட்டாலும் படலாம், கண்ணடி படக்கூடாது' என்று முதன்முதலில் சொன்ன மகானுபாவரிடம் நிச்சயம் ஸ்போர்ட்ஸ் கார் இருந்திருக்காது. மாட்டு வண்டி வைத்திருந்திருப்பார். அதற்குப் பெயிண்ட் ஏது, பயம் ஏது?

எனக்கும் கார் கிடையாது. பதினோரு வருஷத்து ஸ்கூட்டர்தான். அதன் மேல் கல் விழுந்தால் கல்லுக்குத்தான் சேதம். அப்பேர்ப்பட்டவன் போன ஆடி மாதம் ஒரு சிவப்புக் கலர் ஜெர்மன் ஸ்போர்ட்ஸ் காருக்குள் காலைக் குறுக்கி உட்கார்ந்துகொண்டு, ரோட்டில் கிடந்த ஒவ்வொரு ஜல்லிக்கும் தனித்தனியாகப் பதறினேன் என்றால், அதற்குக் காரணம் ஒரே ஒரு கையெழுத்து.

இரண்டு வருஷத்துக்கு முந்தைய தீபாவளி. சங்கரன்கோவிலில் மாமனார் வீடு. என் வாய் நிறைய அதிரசம். மச்சினன் ஒரு கத்தை பேப்பரை நீட்டி, "அத்தான், சும்மா ஒரு கையெழுத்து. ஃபார்மாலிட்டிதான்" என்றான். வாயில் அதிரசம் இருக்கும்போது 'எதற்கு?' என்று கேட்க முடியாது. வேண்டுமானால் முயன்று பாருங்கள். போட்டுவிட்டேன். ஜாமீன் கையெழுத்து! பெங்களூரில் அவன் வாங்கிய இரண்டு ஸீட் செகண்ட் ஹாண்ட் காரின் லோனுக்கு.

அப்புறம் அவன் வேலை போயிற்று. மூன்று தவணை நின்றது. லோன் கொடுத்தவர்கள் என் ஆபீஸ் நம்பரைக் கண்டுபிடித்து, மேனேஜர் எதிரில் இருக்கும்போதே என்னைக் குசலம் விசாரிக்க ஆரம்பித்தார்கள்.

காரை விற்றுவிடுவது என்று குடும்ப மகாசபை கூடித் தீர்மானித்தது. திருநெல்வேலியில் ஒரு பார்ட்டி கிடைத்தார். கிரஷர் வைத்து ஜல்லி உடைக்கிறவர். போனில் கறாராகச் சொல்லிவிட்டார். "வண்டியை லாரியில ஏத்தி வராதீங்க. ஓட்டிட்டு வாங்க, ஓடுதான்னு பாக்கணும். பெயிண்ட் ஒரிஜினலா இருக்கணும். கல்லு பட்ட புள்ளி ஒண்ணுக்கு அஞ்சாயிரம் குறைப்பேன்."

பேசின விலையில் லோனை அடைத்தால் மிச்சம் பதினெட்டாயிரம். அதாவது மூன்று புள்ளி வரை மச்சினன் பொறுப்பு. நாலாவது புள்ளியிலிருந்து என் பி.எஃப்.! இந்தக் கணக்கைப் போட்ட ராத்திரியே சென்னையிலிருந்து சங்கரன்கோவிலுக்கு ரயில் ஏறிவிட்டேன்.

"ஏண்டா, வாங்கின அன்றைக்கே மேலே ஏதோ ஃபிலிம் ஒட்டுவார்களாமே, ஒட்டக் கூடாதா?" என்று கேட்டேன்.

"ஒட்டலாம்தான் அத்தான். வண்டி முழுக்க ஒட்ட லட்சத்துக்கு மேல கேட்டான். அந்தக் காசுலதான் ஸவுண்ட் ஸிஸ்டம் போட்டேன்" என்றான். ஸ்பீக்கர் எட்டு. கல் அடித்தால் அந்தச் சத்தத்தில் கேட்காது என்பது ஒரு வகையில் சௌகரியம்தான்.

கிளம்பும்போதே முதல் கண்டம். "போற காரியம் நல்லபடியா முடியணும் மாப்பிள்ளை" என்று அத்தை ஒரு கை விபூதியை எடுத்து, பானெட்டில் மூன்று விரலால் அழுத்தி இழுத்தார்கள் பாருங்கள்... மச்சினன் 'அம்மா!' என்று அலறியதில் எதிர்வீட்டுத் தறிச் சத்தமே ஒரு நிமிஷம் நின்றது. அவன் அலறியதில் நியாயம் உண்டு. ராத்திரி பூரா ஆடிக் காற்று பானெட் மேல் மண்ணைத் தூவி வைத்திருந்தது. மண்ணில் இருக்கும் மணல் பொடி பெயிண்டைவிட எத்தனையோ மடங்கு கெட்டி. அதன் மேல் கையை வைத்து இழுத்தால் உப்புத்தாள் போட்ட மாதிரிதான். விபூதியின் மேல் குற்றமில்லை. கீழே இருந்த மண்தான் வில்லன்.

டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம், நசுக். கிளம்பினோம்.

சங்கரன்கோவிலிலிருந்து திருநெல்வேலி ஐம்பது சொச்சம் கிலோமீட்டர். பஸ்ஸில் போனால் ஒரு தூக்கம் போட்டு எழுந்திருக்கலாம். இந்தக் காரில் அது நடக்காது. தரைக்கும் நமக்கும் ஒரு சாண்தான் இடைவெளி. எதிரே வரும் லாரியின் சக்கரம் நம் முகத்துக்கு நேரே சுற்றுகிறது. ஸ்பீட் பிரேக்கர் வந்தால் மச்சினன் காரைக் குறுக்காகத் திருப்பி, ஒவ்வொரு சக்கரமாக, பிரசவத்துக்குப் போகும் பெண்ணைக் கைத்தாங்கலாக இறக்குவது போல் இறக்கினான். பின்னால் வந்த மினி பஸ் டிரைவர் சொன்னதை இங்கே எழுத முடியாது.

பனவடலிசத்திரம் வந்தபோது ரோடு அடைத்துக்கொண்டிருந்தது.

இந்த ஊரை நீங்கள் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கலாம். இறங்கியிருக்க மாட்டீர்கள். 2019-ல் தென்காசி தனி மாவட்டமானபோது அதோடு போன பகுதி. அதற்கு முன்னால் திருநெல்வேலி ஜில்லா. ஒரு போலீஸ் ஸ்டேஷன், பஸ் நிற்கும் இடத்தில் கடைகள், டீக்கடை பெஞ்சு, அதைத் தாண்டினால் கண்ணுக்கெட்டிய தூரம் கரிசல் காடும் மானாவாரி நிலமும். அந்த வெட்டவெளியில் வெள்ளை வெள்ளையாகக் காற்றாலைகள். மேற்குத் தொடர்ச்சி மலையில் செங்கோட்டைப் பக்கம் இருக்கிற கணவாய் வழியாக ஆனி, ஆடியில் காற்று புகுந்து இந்தப் பக்கம் பாய்கிறது. மலைக்கு அந்தப்புறம் மழையைக் கொட்டிவிட்டு, இந்தப்புறம் வெறும் காற்றாக வருகிற ஆசாமி. மின்சாரம் எடுக்கிறவர்களுக்கு அது லட்சுமி. சிவப்புக் கார் வைத்திருப்பவனுக்கு மூதேவி. வேட்டியைப் பிடித்துக்கொள்வதா, மூக்கைப் பொத்துவதா என்று தெரியாமல் ஜனங்கள் சாய்ந்து சாய்ந்து நடக்கிறார்கள்.

ஊர்ப் பெயரிலேயே ஊர் இருக்கிறது. வடலி என்றால் இளம் பனை. சத்திரம் என்றால் உங்களுக்கே தெரியும்: கால்நடையாகவும் வண்டி கட்டியும் போனவர்கள் வழியில் இறங்கி மூச்சு விட்ட இடம். இன்றைக்கு எங்களுக்கும் அதே கதிதான். ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றது ஒரு காற்றாலை இறக்கை!

ஒரே ஒரு இறக்கை. அதற்கு ஒரு தனி டிரெய்லர். அறுபது மீட்டருக்கு மேல் நீளம் என்றார்கள். நம்ம டவுன் பஸ்ஸை ஐந்தாறு வரிசையாக நிறுத்தினால் அவ்வளவு வரும். முன்னால் கொடி பிடிக்க ஓர் ஆள், பின்னால் வாலைத் திருப்ப ஓர் ஆள். வளைவில் ஒரு கரண்டுக் கம்பி தாழ்ந்து தொங்கியதால், அதைத் தூக்கிப் பிடிக்க ஆள் வரும்வரை அந்த ராட்சதத் திமிங்கலம் அப்படியே படுத்திருந்தது.

"இறங்காதீங்க அத்தான், கதவைத் திறந்தா தூசி உள்ள வரும்" என்றான் மச்சினன். எனக்கு டீ வேண்டியிருந்தது. இறங்கினேன். ஐந்து நிமிஷத்தில் அவனும் இறங்க வேண்டியதாயிற்று. ஏனென்றால் காரைச் சுற்றி ஒரு டஜன் பையன்கள்!

அதில் ஒரு பொடியன், ஒண்ணாம் கிளாஸோ ரெண்டாம் கிளாஸோ, தூசி படிந்த பானெட்டைப் பார்த்தான். வாத்தியார் கரும்பலகையைப் பார்ப்பது போல. ஆள்காட்டி விரலை நீட்டினான். நான் "தம்பீ..." என்று எழுந்திருப்பதற்குள் அழகாக, பெரிதாக, ஒரு 'அ' போட்டுவிட்டான். கடைசிச் சுழி கொஞ்சம் அழுத்தம்.

மச்சினன் முகத்தில் ஈயாடவில்லை. மேல்துண்டை உருவி 'அ'வைத் துடைக்கப் போனான்.

"ஏ, துடைக்காதீய! துடைக்காதீய!" என்று பெஞ்சிலிருந்து ஒரு குரல்.

எழுபது வயசிருக்கும். நாற்பது வருஷம் லாரி ஓட்டியவராம். இப்போது உட்கார்ந்த இடத்திலிருந்து போகிற வருகிற லாரிகளை எல்லாம் மனசுக்குள் ஓட்டிக்கொண்டிருக்கிறார். "காஞ்ச மண்ணுல துணிய வச்சா அம்புட்டும் கோடா விழும் தம்பி. முதல்ல தண்ணிய ஊத்துங்க. மண்ணு தானா ஊறி இறங்கட்டும். பொறவு தொடணும்" என்றார்.

டீக்கடை அண்ணாச்சி ஒரு குடம் தண்ணீர் கொடுத்தார். தண்ணீருக்கு அருமை தெரிந்த ஊரில் ஒரு குடம் என்பது பெரிய மனசு. மேலேயிருந்து மெள்ள ஊற்றினோம். கரிசல் மண்ணின் குணமே அதுதான்: காய்ந்தால் பொடி, நனைந்தால் பசை. முதலில் மினுக்கிக்கொண்டு ஒட்டிக்கொண்டது. இரண்டாம் முறை ஊற்றியதும் சரசரவென்று வழிந்தது. 'அ' போய்விட்டது. சாய்த்துப் பார்த்தால் மட்டும் வெயிலில் ஒரு மெல்லிய சுழி தெரிந்தது. அத்தையின் மூன்று விரலும் பக்கத்திலேயே தெரிந்தது. திருநீறும் அகரமுமாக பானெட் ஒரு திண்ணைப் பள்ளிக்கூடம் மாதிரி இருந்தது.

அதற்குள் டிரெய்லரோடு வந்த டெக்னீஷியன் டீ கிளாஸுடன் காரைச் சுற்றி வந்தார். காற்றாலை மேலே கயிறு கட்டித் தொங்கி, இறக்கையை ரிப்பேர் செய்கிறவராம். முப்பது வயசு இருக்கும். கார் மூக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு, "ஃபிலிம் ஒட்டலையா ஸார்?" என்றார்.

மச்சினன் என்னைப் பார்த்தான். நான் ஸ்பீக்கர்களைப் பார்த்தேன்.

"இங்க வாங்க" என்று என்னை அந்த இறக்கையிடம் கூட்டிப்போனார். காற்றைக் கிழித்துக்கொண்டு போகிற அதன் முன்விளிம்பைத் தொடச் சொன்னார். வெண்ணெய் மாதிரி வழுவழு. விரலை ஒட்டினாற்போல் நகர்த்தினால் ஓர் இடத்தில் மயிரிழை விளிம்பு தட்டியது. நுனிப் பக்கமாக, நீளத்துக்கு, கண்ணாடி போல ஒரு டேப் ஒட்டியிருந்தது.

"உங்க கார்ல ஒட்டியிருக்க வேண்டியதும் இதுக்குத் தம்பிதான் ஸார். இது அண்ணன், தடிமன் ஜாஸ்தி."

விசாரித்ததில் தெரிந்துகொண்டேன். இரண்டுமே பாலியூரித்தேன் ஜாதி. பூர்வீகம் அமெரிக்க ராணுவம். வியட்நாம் யுத்த சமயத்தில் ஹெலிகாப்டர் விசிறிகளின் விளிம்பை மணல் அரித்துத் தின்றிருக்கிறது. அதைத் தடுக்க ஒட்டிய டேப்தான் பிற்பாடு ரேஸ் காருக்கு வந்து, அங்கிருந்து பணக்காரர்களின் காருக்கு வந்து, கடைசியில் பணக்காரர் மாதிரி இருக்க ஆசைப்பட்ட என் மச்சினன் வரைக்கும் வந்து, ஒட்டப்படாமல் நின்றிருக்கிறது.

"காற்றாலைக்கு எதுக்கு? அது மெதுவாத்தானே சுத்துது?" என்றேன்.

அவர் சிரித்தார். எல்லோரும் இதைத்தான் கேட்பார்களாம். தூரத்திலிருந்து பார்த்தால் சோம்பேறி மாதிரிதான் இருக்கும். விட்டம் 120 மீட்டர் என்று வையுங்கள். ஒரு சுற்றுக்கு இறக்கையின் நுனி 377 மீட்டர் போக வேண்டும். நிமிஷத்துக்குப் பதின்மூன்று சுற்று என்றால் மணிக்கு 290 கிலோமீட்டருக்கு மேல்! ஆபீஸ் பழக்கத்தில் செல்போன் கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தேன். வாஸ்தவம்தான். அந்த வேகத்தில் ஒரு மழைத்துளி பட்டாலே சின்னச் சுத்தியல். கூடவே இந்தப் புழுதி. சில வருஷத்தில் விளிம்பு புழு அரித்த பல்லாகிவிடும். விளிம்பு சொரசொரத்தால் காற்று வழுக்கிப் போகாது, கரண்டு குறையும். அப்போது இவர் கயிற்றில் இறங்கித் தேய்த்து, பூசி, புது டேப் ஒட்ட வேண்டும்.

சிவப்புக் காரைப் பார்க்க ஓடிவந்த பையன்கள் யாரும் அந்த வெள்ளை இறக்கையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பிறந்ததிலிருந்து பார்க்கிறார்களே! எங்கள் கார் வாழ்நாளில் ஒரு முறைகூடத் தொடாத வேகத்தில் அவர்கள் வீட்டுக் கொல்லைக்குப் பின்னால் ராத்திரி பகலாக ஓடிக்கொண்டிருக்கிற சாமான் அது.

"இதுல ஒரு முழம் குடுங்களேன், பம்பர்ல மட்டும் ஒட்டிக்கிடுதேன்" என்று மச்சினன் கெஞ்சினான். ஊர்க்காற்று பட்டதும் பெங்களூர்த் தமிழ் போய்விட்டது.

"கம்பெனி சாமான் ஸார், தரமாட்டேன். தந்தாலும் இங்க ஒட்ட முடியாது. மூடின அறை வேணும். சோப்புத் தண்ணி தெளிச்சு, நகர்த்தி நகர்த்தி வச்சு, உள்ள இருக்கற தண்ணிய வழிச்சு எடுத்து, வளைவுல சூடு காட்டி இழுக்கணும். இந்தக் காத்துல ஒட்டினா பனவடலிசத்திரத்து மண்ணு பூரா உள்ள மாட்டிக்கும். அப்புறம் அது ஃபிலிம் இல்ல, மியூஸியம்."

கார் பெயிண்ட் பற்றியும் அவரே சொன்னார். அடியில் துரு பிடிக்காமலிருக்க ஒரு பூச்சு, அதன் மேல் பிரைமர், அப்புறம் நிறம், கடைசியில் கண்ணாடி போலக் கிளியர் கோட். இத்தனையும் சேர்ந்தே ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, கொஞ்சம் கூட இருக்கலாம். அதில் பளபளப்புக்குக் காரணமான கிளியர் கோட் ஒரு தலைமுடிப் பருமன்கூட இல்லை. லட்சக்கணக்கில் கடன் வாங்கி, என்னிடம் கையெழுத்தும் வாங்கி, அவன் ராத்திரி தூங்காமல் காவல் காத்தது இந்த முடிப் பருமனைத்தான்! கார் ஃபிலிம் 0.2 மில்லிமீட்டர் வாக்கில் இருக்கும். அடியில் இருக்கிற மொத்தப் பெயிண்டையும்விடத் தடிமன். கல் பட்டால் ரப்பர் மாதிரி அமுங்கி, வேகத்தை வாங்கிக்கொள்ளும். நல்ல ரகமாக இருந்தால் மேலே விழும் சின்னக் கீறல் வெயில் சூட்டில் தானே மறையும். பெரிய கல்லாக வந்து மோதினால் அதுவும் கையை விரித்துவிடும்.

மச்சினன் டிக்கியிலிருந்து இரண்டு டப்பாக்களை எடுத்து வந்தான். ஒன்று ஸெராமிக் கோட்டிங். "இது போட்டிருக்கேனே, போதாதா?" என்றான். அது சில மைக்ரான்தானாம். தலைக்கு எண்ணெய் தடவின மாதிரி. அழுக்கு ஒட்டாது, தண்ணீர் உருண்டு ஓடும். கல்லுக்கு முன்னால் ஒன்றும் நடக்காது. எண்ணெய் தடவிய தலையில் கல் விழுந்தால் மண்டை உடையாதா, என்ன?

இன்னொன்று மெழுகு டப்பா. அதன் மேல் போட்டிருந்த மரத்தைப் பார்த்துவிட்டு, லாரிப் பெரியவர், "இது நம்ம பனைல்லா?" என்றார். முக்கால்வாசி சரி! கார்னுபா என்கிற அந்த மெழுகு பிரேஸிலின் வடகிழக்கில் வறண்ட பூமியில் வளர்கிற ஒரு பனை ஜாதி மரத்து ஓலையிலிருந்து எடுப்பது. வெயிலில் ஓலையின் ஈரம் போகாமலிருக்க மரம் தானே பூசிக்கொள்கிற மெழுகு. ஓலையை வெட்டிக் காயப்போட்டு, தட்டி உதிர்த்து, உருக்கி, டப்பாவில் அடைத்து விற்கிறார்கள். பூசினால் மினுமினுப்பு வரும். கேடயம் ஆகாது. ஆக, பனை பெயரையே தாங்கிய ஊரில் நின்றுகொண்டு, பிரேஸில் பனையை ஆயிரக்கணக்கில் விலை கொடுத்துச் சுமந்துவந்த ஒருவனை அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பிரேஸில் என்றதும் டெக்னீஷியன் இன்னொரு சங்கதி சொன்னார். பளபளக்கிற கார் மேற்பரப்பைத் தட்டான் பூச்சி குளம் என்று நினைத்து முட்டையிடுமாம். வெயிலில் முட்டை பொரிந்து அமிலமாகி கிளியர் கோட்டை அரிக்கும் என்று அந்த ஊர் விஞ்ஞானிகள் 2000-ல் ஆராய்ச்சியே எழுதியிருக்கிறார்கள். மச்சினன் அண்ணாந்து வானத்தைப் பார்த்தான். நல்ல வேளை, அந்தக் காற்றில் தட்டான் எல்லாம் ஒதுங்கிவிட்டிருந்தது.

"இதெல்லாம் இல்லாத காலத்துல நீங்க எப்படிச் சமாளிச்சீங்க?" என்று பெரியவரைக் கேட்டேன்.

அவர் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "கல்லு வந்து நம்மள அடிக்கல தம்பி. நாமதான் போய்க் கல்லை அடிக்கோம். முன்னால போற வண்டி டயரு கல்லைக் கிளப்பி விடும். அது அந்தரத்துல சும்மா நிக்கும். நாம நாக்கைத் தொங்கப் போட்டுட்டுப் பின்னாலயே போய் அதுல முட்டுதோம். நாலு கரண்டு கம்பத்துக்கு இடம் விட்டுப் போங்க. கல்லு தரைக்குப் போயிரும்."

பத்தாம் கிளாஸ் ஃபிஸிக்ஸ் ஞாபகம் வந்தது. வேகம் இரண்டு பங்கானால் அடியின் சக்தி நாலு பங்கு. நாற்பதில் போகும்போது 'டிக்' என்கிற கல் எண்பதில் போகும்போது அதைப் போல நாலு மடங்கு. ஃபிலிமுக்கு லட்சம். இதற்குச் செலவு இருபது நிமிஷம். நான் தலையைத் தலையை ஆட்டினேன். மச்சினனும் ஆட்டினான்.

கரண்டுக் கம்பியைத் தூக்க ஆள் வந்துவிட்டது. திமிங்கலம் மெல்ல நகர்ந்தது. இரண்டு பக்கமும் நின்ற வண்டிகள் ஒரே நேரத்தில் ஹாரன் அடிக்க, அவசர அவசரமாக ஏறிக் கிளம்பினோம்.

முதல் கொஞ்ச தூரம் பெரியவர் சொன்னபடி நாலு கம்பம் என்ன, எட்டுக் கம்பம் விட்டுப் போனோம். ஸ்பீடு நாற்பது. ஒரு டி.வி.எஸ். ஃபிஃப்டி எங்களைத் தாண்டியது. பின்னால் தூக்குவாளியோடு உட்கார்ந்திருந்த அம்மாள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

அப்புறம்தான் நான் வாட்சைப் பார்த்தேன். அன்றைக்குப் புதன்கிழமை. பன்னிரண்டு மணிக்கு ராகு காலம். அதற்கு முன்னால் பேசி முடித்துவிட வேண்டும் என்று அத்தை நூறு தடவை சொல்லியிருந்தார்கள். எங்களுக்கு முன்னால் ஒரு டிப்பர் லாரி.

"மாப்ளே, கொஞ்சம் விரட்டு. அந்த லாரியைத் தாண்டிட்டா ரோடு காலிதான்" என்றேன்.

"இடம் விடணும்னு அவர் சொன்னாரே அத்தான்..."

"நான் சொல்றேன், போ."

தேவர்குளம் தாண்டியிருந்தோம். லாரியின் பின்னால் ஒட்டினாற்போல் போய், வலது பக்கம் எட்டிப் பார்த்து, எதிரே பஸ் வர உள்ளே வாங்கி, மறுபடி எட்டி... 'டக்!'

எட்டு ஸ்பீக்கரும் அந்தச் சமயம் பாடிக்கொண்டுதான் இருந்தன. ஆனாலும் கேட்டது. ரொம்ப நன்றாகக் கேட்டது.

மானூர் வரைக்கும் இரண்டு பேரும் பேசவில்லை. அங்கே ஓரங்கட்டி இறங்கிப் பார்த்தோம். பானெட்டின் விளிம்பில், மிளகு அளவுக்கு ஒரு புள்ளி. சிவப்பு போய் உள்ளே சாம்பல் நிறம். மச்சினன் அதை விரலால் தொட்டுப் பார்த்தான். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

வாங்க வந்தவர் பார்த்த முறையே தனி. ஒரு சின்ன மீட்டரை எடுத்து ஒவ்வொரு இடமாக வைத்தார். 110, 115, 108 என்று காட்டியது. மைக்ரான் கணக்கு. டிங்கர் வேலை பார்த்து மறுபடி பெயிண்ட் அடித்திருந்தால் நம்பர் தாவும். உள்ளே பட்டி பூசியிருந்தால் எங்கேயோ போகும். கதவு, கூரை, டிக்கி எல்லாம் சுத்தம். கடைசியாக பானெட்டைச் சாய்த்துப் பார்த்தார்.

"இது என்ன, விபூதியா?"

"அம்மா..." என்றான் மச்சினன்.

"இது?"

"'அ' ஸார்."

"மேலாக்க இருக்கு. பாலிஷ்ல போயிரும்" என்று விட்டுவிட்டார். பெரிய மனுஷன்! பிறகு அந்தப் புள்ளிக்கு வந்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, மூக்கு படும் தூரத்தில் குனிந்தார். நாங்கள் பல் டாக்டரிடம் வாயைத் திறந்துவைத்த மாதிரி நின்றோம்.

"முக்கால் ஜல்லி இல்ல. அரை ஜல்லியும் இல்ல. அது பட்டிருந்தா நெளிஞ்சிருக்கும். இது கால் இஞ்சு, சிப்ஸ்" என்றார். தொழில்! தினமும் டன் டன்னாக உடைத்து அனுப்புகிறவருக்குத் தெரியாதா? "டிப்பருக்குப் பின்னால வந்தீங்களா?"

"ஆமா ஸார்" என்றேன் நான். மச்சினன் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிட வேண்டும் போலிருந்தது.

ஐயாயிரம் குறைத்தார். பேசின பேச்சு. பேப்பரில் கையெழுத்து, லோன் கணக்குக்குப் பணம், எல்லாம் முடிய மூன்று மணி ஆயிற்று. ராகு காலம் நடுவில் வந்து உட்கார்ந்திருந்துவிட்டுத் தன் பாட்டுக்குப் போயிற்று. கிளம்பும்போது அவர் தன் ஆளைக் கூப்பிட்டு, "நாளைக்கே கோயமுத்தூருக்கு அனுப்பி முழுக்க ஃபிலிம் போட்டிரு" என்றார். "அதுக்கு முன்னால அந்தப் புள்ளியில டச்-அப் வை. அப்படியே மேல ஒட்டினா தெரிஞ்சிட்டே இருக்கும்."

மச்சினன் சாவியைக் கொடுத்துவிட்டு, ஸ்பீக்கரைக் கழற்றிக்கொள்ளலாமா என்று கேட்டான். அவர் சிரித்தார். கழற்றவில்லை.

திரும்ப பஸ். முன் ஸீட் கிடைத்தது. டிரைவர் முன்னால் போன லாரிக்கு ஒட்டினாற்போலத்தான் ஓட்டினார். கண்ணாடியில் ஏற்கெனவே ஒரு விரிசல். அதன் மேல் சாமி ஸ்டிக்கர். மச்சினன் ஜன்னலோரம் தலையைச் சாய்த்துக்கொண்டு வந்தான். தேவர்குளம் தாண்டியதும்தான் எனக்குத் திடீரென்று உறைத்தது: காலையில் டீக்கடையில் காசு கொடுக்கவில்லை! ஆறு டீ, நாலு வடை, ஒரு குடம் தண்ணீர்.

பனவடலிசத்திரத்தில் இறங்கினோம். காற்று கொஞ்சம் அடங்கியிருந்தது. சாயங்கால வெயிலில் இறக்கைகள் சோம்பேறி மாதிரியே சுற்றிக்கொண்டிருந்தன. டீக்கடை அண்ணாச்சி, "வராமலா போயிருவீய?" என்று காசை வாங்கிக் கல்லாவில் போட்டார். குடம் தண்ணீருக்கு வாங்க மாட்டேன் என்றுவிட்டார்.

பெரியவர் அதே பெஞ்சில் இருந்தார். எங்களையும், எங்களுக்குப் பின்னால் கார் இல்லாத ரோட்டையும் பார்த்தார்.

"வித்தாச்சா?"

"ஆச்சு."

"எத்தனை கல்லு?"

"ஒண்ணு."

"எங்க வச்சு?"

"தேவர்குளம் தாண்டி."

"இடம் விட்டிருக்க மாட்டீய" என்றார். மச்சினன் என்னைத் திரும்பிப் பார்த்தான். பிறகு, "நான்தான் அண்ணாச்சி, கொஞ்சம் விரட்டிட்டேன்" என்றான்.

நான் இன்னும் இரண்டு டீ சொன்னேன். இந்தத் தடவை காசை முன்னாலேயே கொடுத்துவிட்டேன்.